மறை இரண்டு

கலைப்பீடத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "நீர் முதலிலை கணிதம் படிச்சனீராம். ஏன் விட்டனீர்?" விடுதியில் அறைத்தோழியர் கேட்டனர். அளவையியல் வகுப்பிலே சற்றுக் கூடுதலான புள்ளி பெற்ற நாளொன்றில் விரிவுரையாளர் ஒருவரும் கேட்டார். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், கோயில் வீதியிற் காணும் உறவினர்கள் இன்னமும் கேட்கின்றனர். எல்லோருக்கும் நான் கூறிவந்த விடை ஒன்றே: "விருப்பம் இருக்கேல்லை." கேட்டவர்கள் அதனை நம்பினர், அல்லது, முடியவில்லை என்பதைத்தான் இவள் இவ்வாறு நாகரிகமாகச் சொல்கிறாள் என்று தமக்குள் எண்ணிக்கொண்டனர். இரண்டும் உண்மையல்ல. எனக்குக் கணிதத்தில் விருப்பம் இருந்தது. ஓரளவுக்கு முடிந்தும் இருந்தது. நான் சொல்லாது விட்ட காரணம் ஒரு விடைத்தாளின் வலது ஓரத்திலே, பென்சிலால் எழுதப்பட்ட ஒரு வரியாக இருக்கிறது. அத்தாள் இன்றும் என்னிடம் உண்டு.

2017 ஆம் ஆண்டு ஆடி மாதம். வடமராட்சியிலே சோளகம் வீசும் காலம். எங்கள் கல்லூரியின் பரீட்சை மண்டபம் அரைச்சுவர் மண்டபம். காற்றைத் தடுக்க அங்கே எதுவுமில்லை. ஆகையால் இரண்டாந் தவணைப் பரீட்சைக்குப் பேனை, பென்சில், அடிமட்டம் ஆகியவற்றோடு ஒரு கல்லும் கொண்டுவருவது எங்கள் வழக்கம். தாள் பறவாமல் அதன்மீது வைப்பதற்கு. கடற்கரையிற் பொறுக்கிய முருகைக்கல் ஒன்றை நான் ஆறாம் வகுப்பிலிருந்தே வைத்திருந்தேன். பரீட்சைக்கு இராசியான கல் என்று அதனை நம்பியும் இருந்தேன். உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு மாணவி கல்லை நம்பலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். பரீட்சை மண்டபத்துள் இருந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

அன்று இணைந்த கணிதம், முதலாம் வினாத்தாள். மூன்று மணித்தியாலம். முதற்பகுதியிற் பத்துச் சிறு வினாக்கள். இரண்டாம் பகுதியில் ஏழு பெரிய வினாக்களுள் ஐந்துக்கு விடையளிக்க வேண்டும். ஒன்பது மணிக்குத் தொடங்கிய பரீட்சையில், பதினொன்றரை மணியளவிற் பெரிய வினாக்கள் நான்கை முடித்திருந்தேன். ஐந்தாவதாக நான் தெரிவு செய்தது, எளிது என்று கருதிக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த ஒன்று. அதனைக் குறியீட்டில் எழுதாமல், வகுப்பிலே நாங்கள் வாய்விட்டு வாசித்தவாறே இங்கு தருகிறேன். குறியீட்டைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடும் நண்பர்கள் இப்பீடத்திற் பலர் உளர். கூட்டற் குறியைச் 'சக' என்றும், கழித்தற் குறியைச் 'சய' என்றும் வாசிப்போம்.

காரணித் தேற்றத்தைக் கூறுக. அதனைப் பயன்படுத்தி, 6 எக்ஸ் கனம் சக 7 எக்ஸ் வர்க்கம் சய 9 எக்ஸ் சக 2 என்னும் கோவையை முற்றாகக் காரணிப்படுத்துக. இதிலிருந்து, அக்கோவை பூச்சியத்திலும் பெரிதாக இருப்பதற்கு எக்ஸ் கொள்ளக்கூடிய பெறுமானங்களைக் காண்க.

'இதிலிருந்து' என்ற சொல்லைக் கணித மாணவர் அனைவரும் அஞ்சுவர். முன்னையது கிடையாவிடிற் பின்னையதும் கிடையாது என்பதே அதன் பொருள்.

தேற்றத்தைக் கூறுவது கடினமன்று. ஒரு பல்லுறுப்பியில் எக்ஸுக்கு ஓர் எண்ணைப் பிரதியிடும்போது பூச்சியம் வருமாயின், எக்ஸிலிருந்து அவ்வெண்ணைக் கழித்து வருவது அப்பல்லுறுப்பியின் ஒரு காரணியாகும். அழகான தேற்றம். ஆயின் எந்த எண்ணைப் பிரதியிடுவது என்பதை அது சொல்வதில்லை. இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு. எண்களை இட்டால் விடை விழும். முப்படிக்கு நாங்கள் கற்ற பாடத்திற் சூத்திரம் இல்லை. ஊகித்துப் பிரதியிட வேண்டும். பிழைத்தால் அடுத்ததைப் பிரதியிட வேண்டும். மாறிலி உறுப்பாகிய 2 ஐ வகுக்கும் எண்கள் 1, 2 ஆகிய இரண்டே. நேராகவும் மறையாகவும் கொண்டால் நான்கு. முழு எண்ணாக ஒரு மூலம் இருக்குமாயின் அது இந்நான்கினுள் ஒன்றாகவே இருக்க வேண்டும். இவ்வளவே வழி.

பரீட்சைத் தாளிலே 'காரணிப்படுத்துக' என்று எழுதப்பட்டிருப்பது ஒரு வாக்குறுதி என்பதை நான் பிற்காலத்திலேதான் உணர்ந்தேன். முழு எண்களைக் குணகங்களாகக் கொண்டு மனம் போனபடி ஒரு முப்படிக் கோவையை எழுதினால், பெரும்பாலும் அது இவ்வாறு உடையாது. எக்ஸ் கனம் சக எக்ஸ் சக 1 என்பதையே பாருங்கள்: 1 ஐ இட்டால் 3, மறை 1 ஐ இட்டால் மறை 1, வேறு பார்க்க எதுவுமில்லை. விகிதமுறு எண் எதுவும் அதற்கு மூலமாகாது. வினாவை ஆக்கியவர் விடையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பெருக்கி அதனை ஆக்கியிருக்கிறார். ஆகவே உள்ளே ஒரு விடை உண்டு என்ற உறுதியோடு நாம் தேடுகிறோம். அந்த உறுதிதான் பரீட்சையில் நமக்குத் துணை. அதுவே நமக்குப் பகையும் ஆகும். விடை உள்ளே இருக்கிறது, எல்லோருக்கும் கிடைக்கிறது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று நினைக்க வைப்பதும் அதுதான்.

1 ஐ இட்டேன்: 6 சக 7 சய 9 சக 2, விடை 6. மறை 1 ஐ இட்டேன்: விடை 12. வகுப்பிற் செய்த கணக்குகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றிலே திறந்துவிடும். இது திறக்கவில்லை. 2 ஐ இட்டேன்: 48 சக 28 சய 18 சக 2, விடை 60. எஞ்சியது மறை 2 ஒன்றே. எழுதினேன்: சய 48, சய 28, சக 18, சக 2. கூட்டினால் மறை 56.

நான்கும் முடிந்துவிட்டன. மணி பதினொன்று முப்பத்தெட்டு.

இங்கே நின்று, நிதானமாக இருந்து வாசிப்பவருக்குப் பிழை உடனே தெரியும். மறை 2 இன் வர்க்கம் நேர் 4. அதனை 7 ஆற் பெருக்கினால் நேர் 28. நான் மறை 28 என்று எழுதியிருந்தேன். நேர் 28 ஆக எழுதியிருந்தால், சய 48 சக 28 சக 18 சக 2, பூச்சியம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விடயம். எங்கள் பாடநூல்களிற் பூச்சியத்துக்குக் கீழ்ப்பட்ட எண்ணுக்கு 'மறை எண்' என்று பெயர். அப்பெயரை இட்டவர் யாரோ, பரீட்சை மண்டபத்தை அறிந்தவராகவே இருந்திருப்பார்.

என் தந்தையார் கூட்டுறவுச் சங்கமொன்றில் நீண்டகாலம் எழுதுவினைஞராக இருந்தவர். கணிப்பொறியை நம்பாதவர். நீண்ட தொகை நிரலொன்றை மேலிருந்து கீழாகக் கூட்டி, விடையைப் பென்சிலால் மெல்லக் குறித்துவிட்டு, பின்னர் கீழிருந்து மேலாகக் கூட்டுவார். இரண்டும் ஒத்தாலன்றிப் பேனையைத் தொடமாட்டார். சிறுவயதில் அதனைப் பார்த்து, ஏன் மறுபடியும் மேலிருந்தே கூட்டக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். "மேலையிருந்து திரும்பக் கூட்டினா விட்ட பிழையைத்தான் திரும்பவும் விடுவாய் பிள்ளை. கண்ணுக்கு அது பழகிப் போச்சு" என்றார். அந்த மண்டபத்தில் நான் செய்தது அதுவே. நான்கு வரிகளையும் மறுமுறை பார்த்தேன். ஆனால் பார்த்தது மட்டுமே. புதிதாக எழுதவில்லை. மறை 48, மறை 28 என்று கண் ஓடியது. ஆம், சரி என்று மனம் சொன்னது. அச்சம் ஏறியிருக்கும்போது கண் எழுத்தை வாசிப்பதில்லை. கை முன்னர் நினைத்ததை வாசிக்கிறது. மூன்றாம் முறையும் பார்த்தேன். மூன்றாம் முறையும் சரியாகவே இருந்தது.

வேறு வழியும் இருந்தது. முதல் உறுப்பின் குணகம் 6 ஆதலின், அரை, மூன்றிலொன்று முதலிய பின்னங்களும் மூலமாகக்கூடும் என்பதை ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தார். அரையை இட்டிருந்தால் அதிலும் பூச்சியம் வந்திருக்கும்: காலாகக் கணக்கிட்டால் 3, 7, மறை 18, 8. ஒரு கதவை நானே பூட்டிக்கொண்ட பின்னரும் இன்னும் இரண்டு கதவுகள் திறந்திருந்தன. அவற்றைப் பற்றி அன்று எனக்கு நினைவு வரவில்லை.

அந்நேரத்திலேதான் காற்று வந்தது. எனக்கு இடப்புறத்தே, ஒரு முழம் தள்ளி, என் நெருங்கிய தோழி எழுதிக்கொண்டிருந்தாள். முதலாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அவள் தாளைப் புரட்டுவதற்காகக் கல்லை எடுத்த கணத்திற் காற்று அதனைப் பறித்து என் கதிரையின் காலடியிற் போட்டது. நான் குனிந்து எடுத்து நீட்டினேன். நோக்குநராக நின்ற ஆசிரியை அதனைக் கண்டு, நன்று என்பதுபோலத் தலையசைத்தார். தோழி புன்னகைத்தாள். இவ்வளவும் இரண்டு விநாடிகளில் நடந்தவை. அந்த இரண்டு விநாடிகளில், நான் தேடாமலே, அத்தாளின் மேற்பாதியில் ஒரு வரி என் கண்ணில் விழுந்தது. அடைப்புக்குள் எக்ஸ் சக 2.

பார்த்தது குற்றமன்று என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. விழுந்த தாளை எடுத்துக் கொடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. அதன் பின்னர் நான் செய்ததே இங்கு பேசப்பட வேண்டியது.

எக்ஸ் சக 2 காரணியாயின், மறை 2 ஐ இட்டாற் பூச்சியம் வர வேண்டும். என் தாளில் மறை 56 இருந்தது. ஆகவே இருவரில் ஒருவர் பிழை. நேர்மையான வழி, என் வரிக்குத் திரும்பிச் சென்று, உறுப்பு உறுப்பாக மீண்டும் எழுதிப் பார்ப்பது. அரை நிமிட வேலை. அதனைச் செய்திருந்தால் என் பிழையை நானே கண்டிருப்பேன். கண்ட பின் அவ்விடை என்னுடையது என்று ஓரளவுக்கேனும் சொல்லியிருக்கலாம். நான் அதனைச் செய்யவில்லை. மறை 56 இருந்த வரியைத் திரும்பியும் பாராமல், தாளின் நடுவே எக்ஸ் சக 2 ஒரு காரணி என்று எழுதி, நேரே நெடும்பிரித்தலிற் புகுந்தேன். 6 எக்ஸ் வர்க்கம் வந்தது. பின் சய 5 எக்ஸ். பின் சக 1. மீதி பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அது கலப்பற்ற மகிழ்ச்சி. நெடும்பிரித்தலில் ஒவ்வொரு வரியாகக் கழிந்து இறுதியில் ஒன்றுமில்லாமற் போகும்போது ஏற்படும் நிறைவு, எண்ணை யார் தந்தார் என்று கேட்பதில்லை. எஞ்சிய இருபடிக் கோவை 2 எக்ஸ் சய 1, 3 எக்ஸ் சய 1 என்று எளிதில் உடைந்தது. சமனிலியையும் செய்தேன்: எக்ஸ் மறை 2 க்கும் மூன்றிலொன்றுக்கும் இடையில், அல்லது அரையிலும் பெரிது. கீழே இரு கோடுகள் இட்டு முடித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம் மீதம் இருந்தது. அந்த எட்டு நிமிடத்திலும் வலது ஓரத்தை நான் பார்க்கவில்லை.

செய்கை வழி யாவும் விடைத்தாளின் வலது ஓரத்திற் கோடு கீறிச் செய்யப்பட வேண்டும், எதனையும் அழிக்கக்கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் விதி. "அழிச்ச இடத்திலை நான் உங்களைத் தேட ஏலாது" என்பார். ஆகவே நான்கு முயற்சிகளும் அங்கே வரிசையாக இருந்தன. 6, 12, 60, மறை 56. அவற்றுக்கு நேரே, தாளின் நடுவில், மறை 2 ஐ மூலமாகக் கொண்ட காரணி. ஒரே தாள் ஒரே விடயத்தைப் பற்றி ஆம் என்றும் இல்லை என்றும் கூறியது. இன்று அளவையியல் கற்கிறேன். முரண்பாட்டுக்கு இதனைவிட நல்ல உதாரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரங்களின் பின் தாள்கள் திருத்தி வந்தன. அவ்வினாவுக்கு எனக்கு 15 க்கு 15. மறை 56 ஐச் சுற்றி ஆசிரியர் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். என்னை மேசையருகே அழைத்தார்.

"இதிலை மறை 56 எண்டு வந்திருக்கு. பிறகு எப்படிப் பிள்ளை சக 2 ஐப் பிடிச்சனீ?"

கேட்டது குற்றம் பிடிப்பதற்காக அன்று. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். முப்பது ஆண்டு கற்பித்தவருக்கு ஒரு மாணவியின் மனம் எவ்வழியே சென்றது என்பதில் இன்னமும் ஆவல் இருந்தது. அதுதான் என்னை மேலும் கலங்கச் செய்தது. தோழி இரண்டாம் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழை எண்டு பிறகு விளங்கிச்சுது சேர். மனசுக்குள்ளை திருப்பிச் செய்து பார்த்தனான்."

அவர் முகம் மலர்ந்தது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வகுப்பை நோக்கினார். நான்கு எண்களும் தவறிய பின்னரும் இந்தப் பிள்ளை பதறவில்லை, வினாவிலே பிழை இருக்காது, என்னிலேதான் பிழை இருக்க வேண்டும் என்று திரும்பிச் சென்று தன் பிழையைத் தானே கண்டிருக்கிறாள், கணிதம் என்பது இதுதான் என்று பேசினார். ஏறத்தாழ ஐந்து நிமிடம். நான் எதனைச் செய்யத் தவறினேனோ, சரியாக அதற்காகவே புகழப்பட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. என்னைப் பற்றி அன்று, அவ்வளவே. தோழிக்கு அவ்வினாவுக்கு 12 புள்ளி. சமனிலியில் ஒரு குறி தவறியிருந்தது. அவள் மறை 2 ஐ எவர் உதவியும் இன்றி நான்காம் முயற்சியிற் கண்டுபிடித்தவள். அவளைப் பற்றி வகுப்பில் எவரும் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் தோளிற் தட்டி, "நல்லாச் செய்திருக்கிறாய்" என்றாள். அவள் தாளை நான் பார்த்ததை அவள் அறிந்திருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்றைய அந்த ஐந்து நிமிடத்தினாலேயே கணிதத்தை விட்டேன் என்று எழுதினால் இக்கட்டுரைக்கு அது பொருத்தமாக இருக்கும்; ஆனால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். பௌதிகவியல் எனக்குச் சுமையாகவே இருந்தது. நூலகத்தில் நான் எடுத்த புத்தகங்கள் யாவும் வேறு திசையைக் காட்டின. எனினும், பிரிவை மாற்றலாமா என்று மூன்று மாதமாக மனம் ஊசலாடிக்கொண்டிருந்தபோது, அக்கணித வகுப்பிலே அமர்ந்திருக்க முடியாமை பெரிதும் காரணமாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆசிரியர் கடினமான கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி, முதலில் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் உரியவள் அல்லேன். அவர் என்னை ஒருநாள் ஏசியிருந்தால் ஒருவேளை நான் அங்கேயே இருந்திருப்பேன்.

கணிதப் பிரிவிலிருந்து கலைப் பிரிவுக்குச் செல்வதை எங்கள் ஊரில் 'இறங்குதல்' என்றே சொல்வர். "பிள்ளை ஆர்ட்சுக்கு இறங்கிட்டுதாம்" என்று என் தாயாரிடம் துக்கம் விசாரிப்பதுபோல வந்து கேட்டவர்கள் உண்டு. அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடத்தை எடுத்து, அதில் உண்மை அட்டவணைகளோடு மல்லுக்கட்டிய எனக்கு, எங்கிருந்து எங்கே இறங்கினேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை. தந்தையார் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பிரிவு மாற்றும் படிவத்தை இருமுறை வாசித்து, கையொப்பமிட்டுத் தந்தார்.

இவையெல்லாம் பழங்கதையாகப் போயிருக்கக்கூடும். பல்கலைக்கழகத்துக்கு வந்து இரண்டாம் ஆண்டில், விஞ்ஞான வரலாறு பற்றிய ஒப்படை ஒன்றுக்காக நூலகத்தில் நூலொன்றைப் புரட்டியபோது, முப்படிச் சமன்பாட்டின் கதை எதிர்ப்பட்டது. எங்கள் பாடத்தில் இல்லாதிருந்த அந்தச் சூத்திரத்தின் கதை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில், கணித அறிஞர்கள் ஒருவரையொருவர் போட்டிக்கு அழைத்து, வினாக்களைப் பரிமாறிக்கொள்வர். தோற்றவர் மதிப்பையும் சிலவேளை தொழிலையும் இழப்பார். ஆகவே புதிய முறையொன்றைக் கண்டவர் அதனை வெளியிடாது பூட்டி வைத்திருப்பது வழக்கம். பொலோஞ்ஞாவில் ஆசிரியராக இருந்த டெல் பெரோ ஒருவகை முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையைக் கண்டு, 1526 இல் இறக்கும்வரை வெளியிடாதிருந்தார். அவர் மாணாக்கரான பியோர் அம்முறையின் வலிமையால் 1535 இல் தார்த்தாலியா என்பவரைப் போட்டிக்கு அழைத்து, முப்பது வினாக்களைக் கொடுத்தார். முப்பதும் முப்படி. தார்த்தாலியா நாட்கள் நெருங்கிய நிலையில், பெப்ரவரி மாதத்து இரவொன்றில், முறையைத் தாமே கண்டுபிடித்தார். முப்பதையும் செய்து வென்றார். நெருக்கடியில் முப்படியை உடைத்த அம்மனிதரை வாசித்தபோது அவர்மீது எனக்குப் பொறாமையே உண்டாயிற்று.

ஆயின் என்னை நிறுத்தியது அவர் கதையன்று. கார்டானோவின் கதை. மிலான் நகரத்து மருத்துவரான கார்டானோ தார்த்தாலியாவைப் பலவாறு வேண்டி, வெளியிடமாட்டேன் என்று சத்தியம் செய்து, 1539 இல் அம்முறையைப் பெற்றுக்கொண்டார். பின்னர், டெல் பெரோவின் குறிப்பேட்டைப் பொலோஞ்ஞாவிற் கண்டதும், முறை முதலில் அவருடையதே ஆகையாற் சத்தியம் தம்மைக் கட்டாது என்று கருதி, 1545 இல் 'ஆர்ஸ் மாக்னா' என்ற தம் நூலில் அதனை வெளியிட்டுவிட்டார். தார்த்தாலியா வெகுண்டார். சத்தியம் தவறியவர் என்று கார்டானோவை ஏசியவர்கள் அன்றும் உண்டு, பின்னரும் உண்டு. அவர்களோடு சேர்ந்து ஏச நானும் ஆயத்தமாகத்தான் வாசித்தேன். ஆனால் ஒரு செய்தி குறுக்கிட்டது. கார்டானோ அந்நூலிலே, இம்முறையை முதலிற் கண்டவர் டெல் பெரோ என்றும், தமக்குத் தந்தவர் தார்த்தாலியா என்றும் பெயர் கூறி எழுதியிருக்கிறார்.

நூலை மூடிவிட்டு வெளியே வந்தேன். சத்தியத்தை மீறியவர் என்று நூற்றாண்டுகளாகத் தூற்றப்பட்ட ஒருவர்கூட, எங்கிருந்து பெற்றேன் என்பதை எழுதியிருக்கிறார். நான் ஒரு சத்தியத்தையும் மீறவில்லை. எந்தத் தாளையும் எட்டிப் பார்க்கவில்லை. காற்று கொண்டுவந்து போட்டதைக் குனிந்து எடுத்தேன். எனினும், "சேர், அது அவளின்ரை தாளிலை கண்டனான்" என்ற ஐந்து சொற்களை என்னாற் சொல்ல முடியவில்லை. அன்று அந்த ஒப்படை வேலை மேற்கொண்டு நகரவில்லை.

சென்ற விடுமுறையில் ஊரில் நின்றபோது அந்த விடைத்தாளைத் தேடி எடுத்தேன். சிவப்பு வட்டம் சற்று மங்கியிருந்தது. பென்சில் எழுத்து மங்கவில்லை. நான்கு முயற்சிகளையும் முதன்முறையாக ஒழுங்காக வாசித்தேன். 6, 12, 60 ஆகிய மூன்றும் சரியான கணக்குகள். நான்காவது பிழையான கணக்கு. ஆயினும் நேர்மையாக விட்ட பிழை. அத்தாளிலே நான் வெட்கப்பட வேண்டிய ஒரே வரி, சரியான விடையே. அதற்குத்தான் 'சரி' அடையாளம் இடப்பட்டிருக்கிறது. மூன்றிடத்தில்.

தந்தையார் முற்றத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற பின்னரும் ஊர் வாசிகசாலையின் கணக்கை அவரே பார்த்து வருகிறார். தாளைக் கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். எக்ஸ் கனம் அவருக்குத் தெரியாது. ஆனாற் கூட்டற்கணக்குத் தெரியும். கண்ணாடியை உயர்த்தி மறை 56 இருந்த வரியை நெடுநேரம் பார்த்தார். பின்னர் சுட்டுவிரலைக் கடைசி எண்ணில் வைத்து, வலமிருந்து இடமாக வந்தார். இரண்டு, பதினெட்டு. இருபத்தெட்டில் விரல் நின்றது. "இது எப்படி மறை ஆச்சுது?" என்றார். ஆகவில்லை, நான் ஆக்கிவிட்டேன் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். "அந்தப் பிள்ளைக்குத் தெரியுமே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அந்த வாத்தியாருக்கு?" அதற்கும் அதே விடை. தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டார்.

தோழிக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன். அவள் இப்பொழுது பொறியியற் பீடமொன்றில் இறுதியாண்டில் இருக்கிறாள். தொலைபேசியில் ஒரு நிமிடத்திற் சொல்லக்கூடியதைக் கடிதமாக எழுதியதற்கு அவள் சிரித்திருப்பாள். பத்து நாளின் பின் விடை வந்தது. தாள் பறந்தது நினைவில்லை என்றும், 12 புள்ளி வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். வேறு செய்திகள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். நான் எழுதியதைப் பற்றி அவ்வளவே.

ஆசிரியர் ஓய்வுபெற்று ஊரிலேயே இருக்கிறார். இம்மலர் வெளிவந்ததும், எழுதியவர்களுக்கு இரண்டு பிரதிகள் தருவது சங்கத்தின் வழக்கம். ஒன்றை அவருக்கு அனுப்புவேன். முகவரியைத் தந்தையாரிடம் பெற்றுவிட்டேன். அந்த விடைத்தாளையும் உள்ளே வைத்து அனுப்புவதா என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை.